பைதான் வீக்கா, ஸ்ட்ராங்கா?

கேள்வி: பைதானில் வேரியபிளுக்கு முன்னால் இன்ட், ஃப்ளோட் என்று எதுவும் எழுத வேண்டியதில்லை, அதனால் அது வீக் டைப்பிங் மொழி என்று வகுப்பில் நோட்ஸ் கொடுத்தார்கள். இன்டர்வியூவில் அதையே சொன்னேன், தவறு என்றார்கள். எது சரி? இது தெரிந்து என்ன ஆகப்போகிறது?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: இன்டர்வியூ எடுத்தவர்கள் சொன்னதுதான் சரி. பைதான் ஸ்ட்ராங் டைப்பிங் மொழி. உங்கள் நோட்ஸில் இரண்டு விஷயங்கள் கலந்துவிட்டன. டைப்பை, அதாவது ஒரு மதிப்பு எண்ணா எழுத்தா என்ற வகையை, எப்போது சரிபார்க்கிறார்கள், ப்ரோகிராம் ஓடுவதற்கு முன்பே கம்பைல் செய்யும்போதா ஓடும்போதா என்பது ஒன்று. அதற்குப் பெயர் ஸ்டாட்டிக், டைனமிக். எண்ணும் எழுத்தும் மோதும்போது மொழி உங்களைக் கேட்காமல் ஒன்றை இன்னொன்றாக மாற்றிவிடுகிறதா என்பது வேறு. ஸ்ட்ராங், வீக் என்பது அதைப் பற்றியது: தானாக மாற்றிவிட்டால் வீக், மறுத்தால் ஸ்ட்ராங்.

பைதானில் "5" + 3 என்று அடித்துப் பாருங்கள் (மேற்கோள் குறிக்குள் இருப்பது எழுத்து), டைப்எரர் என்று அங்கேயே நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் "53" வரும். பிஎச்பியில் 8. சி மொழியில் ஒவ்வொரு வேரியபிளுக்கும் டைப் எழுதியே ஆக வேண்டும், ஆனாலும் ஒரு இன்ட்டில் 3.7-ஐப் போட்டால் சத்தமில்லாமல் 3 ஆக்கிவிடும், 'A' + 1 கேட்டால் 'A'-ஐ அதன் எண் குறியீடான 65 ஆக எடுத்து 66 என்று சொல்லும். ஆக சி ஸ்டாட்டிக், ஆனால் வீக். பைதான் டைனமிக், ஆனால் ஸ்ட்ராங்.

இதில் கறாரான கோடு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1974-லேயே கணினி விஞ்ஞானிகள் பார்பரா லிஸ்கோவும் ஸ்டீபன் ஜில்லஸும் ஸ்ட்ராங் டைப்பிங்குக்கு ஒரு வரையறை எழுதினார்கள், ஆனாலும் இன்றுவரை ஆளுக்கொரு அர்த்தத்தில்தான் பேசுகிறார்கள். பைதானே ட்ரூ + 1 என்றால் ட்ரூவை 1 ஆக எடுத்து 2 தரும்! அதனால் இன்டர்வியூவில் வெறும் பெயரைச் சொல்லாமல் "5" + 3-ஐ எழுதிக் காட்டுங்கள்.

சரி, தெரிந்து என்ன ஆகும்? நான் ஒரு கடைக்கு ஜாவாஸ்கிரிப்டில் பில் பக்கம் எழுதினேன். பெட்டியில் அடிக்கும் தொகை எண்ணாக வராது, ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்தாகத்தான் வரும், அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தொகை 250, தள்ளுபடி 20, டெலிவரி 40, மொத்தம் 270 என்று சரியாகவே வந்தது, ஏனென்றால் கழித்தல் குறியைப் பார்த்ததும் ஜாவாஸ்கிரிப்ட் "250"-ஐ எண்ணாக்கிவிடும். நான் சோதித்ததெல்லாம் தள்ளுபடி உள்ள பில்கள். தள்ளுபடி இல்லாத முதல் வாடிக்கையாளருக்குக் கழித்தலே நடக்கவில்லை, கூட்டல் குறி இரண்டையும் ஒட்டிவைத்து 25040 ரூபாய் என்று காட்டியது. எரர் எதுவும் வரவில்லை, ஒரு எச்சரிக்கை கூட இல்லை, அந்த வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் கடைக்காரருக்கே தெரியும். இதுவே பைதானாக இருந்திருந்தால் முதல் சோதனையிலேயே, அந்தக் கழித்தலிலேயே நின்றிருக்கும்.

பிஎச்பிக்காரர்களும் இதில் நிறைய அடிபட்டார்கள். 0 == "abc", அதாவது இரண்டும் சமமா என்று கேட்டால் பல வருடங்கள் ட்ரூ என்றே சொல்லிக்கொண்டிருந்தது, 2020-ல் வந்த பிஎச்பி 8-ல்தான் அது ஃபால்ஸ் ஆனது.

நீங்கள் ஜாவாஸ்கிரிப்ட் எழுதப்போகிறீர்கள் என்றால், பெட்டியிலிருந்து வரும் மதிப்பை வாங்கிய அதே வரியில் நம்பர் ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக்கிவிடுங்கள், அப்புறம் ஒப்பிடுவதற்கு == வேண்டாம், டைப்பை மாற்றாமல் ஒப்பிடும் === போடுங்கள்.