தண்டவாளத்துக்குக் கீழே ஒரே இரவில் வழி வெட்டலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பக்கம் எங்கள் ஒழுங்கையைத் தண்டவாளம் பிரிக்கிறது. பிள்ளைகள் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கடைசி ரயில் போனபின் பெக்கோவால் வெட்டி, விடியமுதல் கொங்கிரீட் பெட்டி இறக்கித் தருவதாக ஒரு கொந்தராத்துக்காரர் முற்பணம் கேட்கிறார். வெளிநாட்டு உறவுகள் காசு தரத் தயார். நம்பலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஆள் நிமிர்ந்து நடக்கும் வழிக்கு மேலே ஒரு மீட்டர் அளவு மண்ணும் சல்லிக்கல்லும்தான் மிஞ்சும். கீழே ஒரு கடகம் மண் கூடுதலாகச் சரிந்தாலும் மேலே தண்டவாளம் இறங்கும். இரண்டு தண்டவாளங்களும் ஒரே அளவில் இறங்கினால் சமாளிக்கலாம். ஒன்று மட்டும் இறங்கினால் ரயில் பெட்டி முறுக்கி, சக்கரம் தண்டவாளத்தில் ஏறிவிடும்.

வழக்கமான முறை, கொங்கிரீட் பெட்டியை அருகில் வார்த்து, தண்டவாளத்துக்குக் கீழே மண்ணுக்குள் ஜாக்கியால் தள்ளுவது. மேலே ரயில் வேகம் குறைத்து ஓடும். பெட்டியின் முன் விளிம்பைத் தாண்டி மண்வெட்டி போகக்கூடாது. அவசரப்படுகிறவர்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள்.

உங்கள் ஊரில் ஒரு விலக்கு உண்டு. பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். கல்லுக்குள் பெட்டியைத் தள்ள முடியாது. அப்போது தண்டவாளத்தை இரும்பு உத்தரத்தில் தாங்கி, மேலிருந்து வெட்டித்தான் பெட்டியை இறக்க வேண்டும். ஆக, அவர் சொல்லும் முறை முழுப் பொய்யல்ல. ஆனால் பாதையை மூடித் தருவதும், உத்தரம் போடுவதும், பிறகு சல்லியை இறுக்குவதும் புகையிரதத் திணைக்களத்தின் வேலை. பெக்கோக்காரர் தொடவே கூடாது. கல்லை உடைக்கவே பல நாள் போகும். அந்தக் கல்லில் பொந்துகளும் இருக்கும். நிலாவரைக் கிணறு இதே கல்லில் உண்டானதுதான். துளையிட்டுப் பார்க்காமல் யாராவது விலை சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

"கொழும்பில் எனக்கு ஆள் இருக்கு" என்று வருபவரையும் வாசலோடு அனுப்புங்கள். அனுமதி திணைக்களத்திடமிருந்து எழுத்தில்தான் வரும். வீதி யாருடையது, நிலம் யாருடையது என்று கடிதம் மேசை மேசையாக அலைவதைப் பார்க்க எனக்கும் கோபம்தான். பிள்ளைகள் நாளும் அதே இடத்தைத்தான் கடக்கிறார்கள். ஆனாலும் வேறு வழியில்லை.

முதலில் மார்கழியில் பக்கத்துக் கிணற்றுக்குள் கயிறு விட்டு, தண்டவாள மட்டத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறதென்று அளந்து பாருங்கள். வழியின் தரை தண்டவாளத்துக்குக் கீழே மூன்றரை மீட்டராவது இருக்கும். தண்ணீர் அதற்கு மேலே நின்றால் மாரி முழுக்க இறைக்க வேண்டும். விடாமல் இறைத்தால் அயல் கிணறுகள் உவராகலாம். அப்படியென்றால் சுரங்கத்தை விட்டுவிட்டு, காவலாளியுள்ள கடவையோ நடைமேம்பாலமோ கேட்டுப் பிரதேச சபை மூலம் எழுதுங்கள்.