கேளுங்கள், சொல்கிறோம்: எழுத்து எப்போது தொழிலாகிறது?

கேள்வி: கிண்டிலில் நான்கு நாவல்கள் போட்டிருக்கிறேன். ஐந்தாவதைச் சொந்தக் காசில் முந்நூறு பிரதி அச்சிட்டேன். ‘பதிப்பகம் போடாத வரைக்கும் அது பொழுதுபோக்குதான்’ என்கிறார் நாத்தனார். நான் எப்போது தொழில்முறை எழுத்தாளர் ஆவேன்?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: பதிப்பகம்தான் அளவுகோல் என்றால், 1908-இல் தன் தேசபக்திப் பாடல்களைத் தானே புத்தகமாக்கிய பாரதியை எங்கே வைப்பதாம் உங்கள் நாத்தனார்? அதை விடுங்கள். ஆனால் தொழில் என்று நீங்களே சொல்லிவிட்டதால், கணக்கு நோட்டைத் திறக்காமல் இது தீராது.

அமெரிக்காவின் அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் 2015-இல்தான், சுயமாக வெளியிடுபவர்களும் உறுப்பினராகக் கதவு திறந்தது. அப்போதும், ஒரே நாவலில் ஓராண்டுக்குள் நிகரமாக, அதாவது செலவு போக, 3,000 டாலர் வந்திருக்க வேண்டும் என்றார்கள். 2022-இல் இறங்கி வந்து, எழுத்து வாழ்க்கை முழுக்கச் சேர்த்து 1,000 டாலர் போதும் என்றார்கள். அந்தத் தொகையை அப்படியே ரூபாயாக்கித் தமிழுக்கு வைத்தால், பதிப்பகம் போட்ட பலரே தேற மாட்டார்கள், அதனால் தொகை வேண்டாம். ‘நிகரம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முந்நூறில் வெளியீட்டு விழாவன்று சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆபீஸ்காரர்களும் வாங்கியதைத் தனியாக எழுதுங்கள், அது மொய்க்கணக்கு. மிச்சத்தில் முன்பின் தெரியாதவர்கள் எத்தனை வாங்கினார்கள்? நந்தனம் புத்தகக் காட்சியில் வேறொருவர் ஸ்டாலில் வைத்திருந்தால், வாசகருக்கான பத்து சதவீதக் கழிவும் ஸ்டால்காரர் பங்கும் போக உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு? அதிலிருந்து அச்சுக்கூலி, அட்டைப்பட வடிவமைப்பு, பிழை திருத்தியவருக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் கழியுங்கள். (பிழை திருத்த ஆளே வைக்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.) கிண்டிலில் கணக்கு இன்னும் சுத்தம், வாசகர்கள் மாதச் சந்தா கட்டிப் படிக்கும் ‘கிண்டில் அன்லிமிடெட்’ திட்டத்தில் போட்டிருந்தால் படித்த பக்கத்துக்குத்தான் காசு, எனவே எவ்வளவு படிக்கப்படுகிறது என்று மாதாமாதம் தெரிந்துவிடும்.

இப்படிக் கழித்தும் கையில் நின்று, ஒரு நாவலில் வந்த காசு அடுத்த நாவலின் செலவைத் தாங்கினால் நீங்கள் தொழில்முறை எழுத்தாளர், தைரியமாக கார்டு அடித்துக்கொள்ளலாம். சம்பள வேலையை விட வேண்டும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், தமிழில் பெரும்பாலானோர் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று சிலர் ‘பேக்கேஜ்’ பேசிக் காசு வாங்கிக்கொண்டு உங்கள் பிரதிகளை உங்களுக்கே விற்கிறார்களே, அங்கே நீங்கள் எழுத்தாளர் இல்லை, வாடிக்கையாளர்.

கேள்வி: ஐஎஸ்பிஎன் எண் வாங்கித்தர இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். அது இருந்தால்தான் எழுத்தாளர் என்று மதிப்பார்களா?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: கொடுக்காதீர்கள். இந்தியாவில் அது இலவசம், ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் தேசிய முகமைக்கு ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிண்டில் மின்நூலுக்கு அது தேவையே இல்லை. மற்றபடி அது புத்தகத்தை அடையாளம் காண ஒரு எண், அவ்வளவுதான். சமையல் குறிப்புக்கும் கணக்கு கைடுக்கும்கூடத் தருகிறார்கள்.