பழைய வைஸ்களும் அவற்றின் தேதிகளும் – கடிதம்

வணக்கம் சார்,

பழைய அரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் ஓஹாயோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அப்பா கோவையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். இங்கே கராஜில் பொழுதுபோக்காக மரவேலை பழக ஆரம்பித்தேன். இப்போது அது பழைய பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்தி, வேலைப் பொருளைத் தாடைகளால் கவ்விப் பிடிக்கும் கருவி) வாங்கிச் சேர்ப்பதில் வந்து நிற்கிறது.

சமீபத்தில் ஒரு எஸ்டேட் சேலில், அதாவது ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்ற இடத்தில், இரண்டு வைஸ்கள் கிடைத்தன. ஒன்று வில்டன், பின்பக்கம் துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்குமே, அந்த மாடல். பக்கவாட்டில் சிகாகோ என்று இருக்கிறது. அடியில் ஜி, யு, ஏ, ஆர், அப்புறம் இ, எக்ஸ், பி என்ற எழுத்துகளும் 6-53 என்ற எண்ணும் குத்தியிருக்கிறார்கள். 1953இல் செய்தது என்றார் விற்றவர். இன்னொன்றில் பெயரே தெரியவில்லை, அத்தனை கோட் பெயின்ட். காப்புரிமைத் தேதி ஒன்று மட்டும் தட்டுப்படுகிறது. ஆண்டு 189 வரை தெளிவு, கடைசி எண் 3ஆ 8ஆ என்று புரியவில்லை. அப்படியென்றால் அது 120 வருடத்துக்கு மேற்பட்டதா? இரண்டையும் சாண்ட் பிளாஸ்ட் செய்து, அதாவது மணலைப் பீய்ச்சிச் சுரண்டி, புது பெயின்ட் அடிக்கலாமா?

இன்னொரு விஷயம். அப்பாவின் வைஸ் ஊரில் கிடக்கிறது. நீல நிறம், ரெக்கார்ட், நம்பர் 3, மேட் இன் இங்கிலாந்து. எந்த வருடத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே கொண்டுவரலாமா? பழைய இரும்பைச் சேர்க்கிற பைத்தியம் என்று வீட்டில் சொல்கிறார்கள், அதற்கும் ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.

ரா., ஓஹாயோ

அன்புள்ள ரா.,

வைஸில் இருக்கும் எழுத்து எதுவானாலும், படிப்பதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள். புடைத்து நிற்கிறதா, உள்ளே இறங்கியிருக்கிறதா? புடைத்த எழுத்து வார்ப்பில் வந்தது. அதாவது அச்சு எடுக்கும் மாதிரிக் கட்டையான பேட்டர்னில் அந்த எழுத்து இருந்தது. அதே பேட்டர்னை மணலில் அழுத்தி வார்த்த ஆயிரம் வைஸ்களிலும் அது அப்படியே இருக்கும். உள்ளே இறங்கிய எழுத்தை, வார்த்துக் கடைந்து முடித்த பிறகு ஒரு ஆள் அந்த ஒரு வைஸை முன்னால் வைத்துக் குத்தியிருக்கிறார். வார்த்த எழுத்து பேட்டர்னின் கதையைச் சொல்லும். குத்திய எழுத்துதான் உங்கள் கையில் இருக்கும் வைஸைப் பற்றிப் பேசும். நீங்கள் கேட்ட முக்கால்வாசிக் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

முதலில் வில்டன். நீங்கள் எழுத்துக் கூட்டிச் சொன்னது ‘கேரன்டி எக்ஸ்பயர்ஸ்’ என்பதன் சுருக்கம். வில்டன் தன் வைஸ்களுக்கு ஐந்து வருட கேரன்டி கொடுத்தது. அது முடிகிற மாதத்தையும் வருடத்தையும் நகரும் பகுதியின் அடியில் குத்தி அனுப்பியது. உடைந்த வைஸைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் பில் தேட வேண்டியதில்லை, கவிழ்த்துப் பார்த்தால் போதும். ஆக 6-53 என்றால் ஐந்தைக் கழித்து 1948 ஜூன். விற்றவர் பொய் சொல்லவில்லை, எண்ணைப் படித்தவர் அதற்கு முன்னால் இருந்த எழுத்துகளைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

சிகாகோ என்ற பெயரும் இதற்குப் பொருந்தி வருகிறது. செக் நாட்டிலிருந்து குடியேறிய ஹியூ வோகல் என்பவர் 1941இல் சிகாகோவின் வில்டன் அவென்யூவில் தொடங்கிய கம்பெனி அது. தெருவின் பெயரையே கம்பெனிக்கு வைத்துவிட்டார். 1950களின் பிற்பகுதியில் தொழிற்சாலை சிகாகோவை ஒட்டிய ஷில்லர் பார்க்குக்குப் போனது, வைஸில் ஊர்ப் பெயரும் மாறியது. ஊர்ப் பெயர் வார்ப்பில் வந்தது, அதனால் அது தோராயமான காலத்தைத்தான் சொல்லும். அடியில் குத்திய எண் மாதத்தையே சொல்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டால், இரண்டு வைஸ்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டும். உங்களுடையதில் அந்தத் தொல்லை இல்லை.

அந்தத் தோட்டா வடிவம் அழகுக்காக வந்தது அல்ல. சாதாரண வைஸில் ஸ்பிண்டில், அதாவது தாடையை நகர்த்தும் திருகுத் தண்டு, அடியில் திறந்து கிடக்கும். அரம் போடும்போது விழுகிற தூளெல்லாம் கிரீஸில் ஒட்டி, மரைக்குள் போய், வருடக்கணக்கில் அரைத்துக்கொண்டே இருக்கும். வில்டனில் ஸ்பிண்டில் முழுவதும் உருளைக்குள் மூடியிருக்கிறது. முன்பகுதியைச் சுழற்றி முழுக்க வெளியே எடுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கிரீஸ் கறுத்து இறுகிப்போயிருக்கும், மரை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது கிரீஸ் வைத்தால் போதும்.

இனி பெயர் தெரியாத வைஸ். எனக்கு அதுதான் ருசியான விஷயம்.

கடைசி எண் 3ஆ 8ஆ என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் காப்புரிமைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்படுகின்றன. நம் ஊரில் செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்க யோசிப்பார்கள், அங்கே காப்புரிமைக்கு அதுதான் நாள். அதனால் தேதியைக் காலண்டரில் வைத்துப் பாருங்கள். நீங்கள் தேதியை எழுதவில்லை, ஒரு பேச்சுக்கு மே 9 என்று வைத்துக்கொள்வோம். 1893இல் மே 9 செவ்வாய், 1898இல் அது திங்கள். ஆக 1893. உங்களுக்கு அதிர்ஷ்டம், 1890களில் மாட்டியிருக்கிறது. 1883ஆ 1888ஆ என்ற குழப்பமாக இருந்திருந்தால் மார்ச்சுக்குப் பிறகு வரும் எந்தத் தேதிக்கும் இந்த வித்தை பலிக்காது. நடுவில் இரண்டு லீப் நாள் வந்து, சரியாக 261 வாரம் ஆகிவிடும், கிழமை மாறாது.

வருடம் தெரிந்ததும் அது 120 வருடப் பழசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது புடைத்த எழுத்துதானே? பேட்டர்ன் செய்யும்போது எழுத்தைப் பதித்தார்கள். பேட்டர்ன் தேயாத வரை அந்தத் தேதியோடுதான் வைஸ் வந்துகொண்டிருக்கும். அந்தக் காலத்தில் காப்புரிமையின் ஆயுள் 17 வருடம். அது காலாவதியான பிறகும் எழுத்தைச் செதுக்கி எடுக்க யாரும் மெனக்கெடவில்லை. இருந்தால் வாங்குகிறவனுக்கு ஒரு மதிப்பாகவும் இருந்தது. ஆகவே 1893 என்றால், அதற்கு முன் செய்ததல்ல என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். வேடிக்கையைப் பாருங்கள். வில்டனில் குத்தியிருந்தது செய்த நாளுக்கு ஐந்து வருடம் பிந்திய தேதி. இதில் வார்த்திருப்பது எத்தனை வருடம் முந்தியது என்றே தெரியாத தேதி.

இன்னொரு துப்பு. 1927 ஏப்ரலுக்குப் பிறகு வழங்கிய காப்புரிமைகளுக்குத் தேதி போதாது, எண்ணைப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. உங்களுடையதில் வெறும் தேதிதான் இருக்கிறது என்றால் அதற்குப் பிந்திய காப்புரிமை எதுவும் அதில் இல்லை என்று கொள்ளலாம். எந்த வருடம் வரை வார்த்தார்கள் என்பதை அது சொல்லாது. பெயின்ட்டுக்கு அடியில் எண் ஏதாவது ஒளிந்திருந்தால் கணக்கு மாறும்.

யார் செய்தது? அதற்கு வைஸைக் கழற்றியாக வேண்டும். தாடையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். தாடைமேல் இருக்கும் எஃகுத் தகடு இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறதா, அல்லது மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ பின் அடித்துப் பொருத்தியதா என்று பாருங்கள். பழையவற்றில் பின் அடித்தது நிறைய. நகரும் தண்டின் அடிப்பக்கம் சட்டமாக மூடியிருக்கிறதா, தொட்டி போலக் குழிந்திருக்கிறதா, ஸ்பிண்டில் ஓடும் பாக்ஸ் நட்டை உடம்போடு எப்படிப் பிடித்திருக்கிறார்கள், சுழலும் அடித்தட்டை எந்தப் பக்கத்துக் கைப்பிடி பூட்டுகிறது, எல்லாவற்றையும் படம் எடுங்கள். பெயர் எங்கே வரும் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பக்கவாட்டிலேயே தேடிக்கொண்டிருக்காமல் முன்தாடையின் முகத்திலும் அடித்தட்டின் விளிம்பிலும் தேடுங்கள்.

அந்தக் காலத்து அமெரிக்கப் பட்டறைகளில் அடிக்கடி தட்டுப்படும் பெயர்கள் சில உண்டு. பென்சில்வேனியாவின் ஈரி நகரத்து ரீட், நியூயார்க்கின் பிரெண்டிஸ், மாசசூசெட்ஸின் ஆத்தல், உங்கள் மாநிலத்திலேயே கிளீவ்லாந்தில் செய்த கொலம்பியன். ஆத்தலை 1905இல் ஸ்டாரெட் என்ற கருவிக் கம்பெனி வாங்கிவிட்டது. ஆகவே இரண்டு பெயரும் சேர்ந்து வார்த்திருந்தால் அது அதற்குப் பிந்தியது. பார்க்கர் என்று வந்தால் சந்தோஷப்படுங்கள். கனெக்டிகட்டின் மெரிடன் நகரத்தில் 1832இல் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் செய்ய ஆரம்பித்த சார்ல்ஸ் பார்க்கர்தான் பின்னாளில் அந்த ஊரின் முதல் மேயர். வைஸ் செய்தார்கள், வேட்டைத் துப்பாக்கியும் செய்தார்கள், இரண்டையும் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ரீட் என்றால் அதன் மாடல் எண்ணே அகலத்தைச் சொல்லிவிடும்: 104 என்றால் நாலு அங்குலம், 106 என்றால் ஆறு. கிராஃப்ட்ஸ்மேன் என்று வந்தால் வேலை பாதிதான் முடிந்தது. அந்தக் காலத்தில் அது சியர்ஸ் கடையின் பிராண்ட், செய்து கொடுத்தவர்கள் வேறு யாரோ. மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் வரும் மூன்று இலக்கம்தான் அந்த யாரோவைக் காட்டும்.

பேட்டர்ன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மரவேலை பிடிக்கும் என்றால் எமர்ட் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவின் வேய்ன்ஸ்பரோவில் ஜோசப் எமர்ட் என்பவர் 1891இல் காப்புரிமை வாங்கிய வைஸ், பேட்டர்ன் செய்யும் தச்சர்களுக்கென்றே உருவானது. பெரிய மாடலுக்குத் தாடை 18 அங்குலம். பின்பக்கத்து வளைவைப் பார்த்து ஆமை முதுகு என்பார்கள். சுழலும், சாயும், பலகை மட்டத்துக்கு மேலே எழும்பிப் படுக்கும், சரிவான கட்டையையும் கவ்வும். வார்ப்பில் வரப்போகும் எழுத்தைப் பேட்டர்னில் ஒட்டுகிறவர் இப்படி ஒன்றில் பிடித்துக்கொண்டுதான் ஒட்டுவார். கைக்கு வந்தால் விடாதீர்கள், சேகரிப்புக்காக அல்ல, உங்கள் கராஜில் வேலைக்கு ஆகும்.

சாண்ட் பிளாஸ்ட் கூடவே கூடாது. புடைத்த எழுத்து அதற்குத் தாங்கும். லேசாகக் குத்திய எண் மழுங்கிவிடும், நமக்கு வேண்டியதே அதுதான். மணல் போகாத இடம் கிடையாது, ஸ்பிண்டில் மரைக்குள் போனால் நீங்களே வைஸுக்கு அரம் போட்ட மாதிரி. மணல்தூசு உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. அந்த நாலைந்து கோட் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு ஈயப் பெயின்ட்டைத் தடை செய்ததே 1978இல்தான். ஆகவே கம்பி பிரஷ்ஷை டிரில்லில் மாட்டித் தூசு பறக்கவிட வேண்டாம். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, கையுறை போட்டு ஈரத்தோடு வழித்தெடுங்கள். துருவுக்குச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் போதும். வைஸை நெகட்டிவில் கட்டுங்கள். பாசிட்டிவில் சாதாரண இரும்புத் துண்டு, எவர்சில்வர் மட்டும் வேண்டாம், அதில் இருக்கும் குரோமியம் விஷமாகக் கரைந்து வரும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கராஜ் கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

பெயின்ட் போனதும் பித்தளை நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறதா என்று கவனியுங்கள். உடைந்த வார்ப்பைப் பித்தளை வைத்துப் பற்றவைத்த தடம் அது. கைப்பிடி வளைந்திருந்தால் நீளக் குழாய் மாட்டி முறுக்கியிருக்கிறார்கள், பின்தாடையின் கழுத்தில் விரிசல் தேடுங்கள். இதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு புதுப் பெயின்ட் அடிப்பது உங்கள் இஷ்டம். நான் அடிக்க மாட்டேன். எண்ணெய் துடைத்து வைத்தால் போதும் என்பது என் கட்சி.

அப்பாவின் ரெக்கார்ட் ஷெஃபீல்டில் வந்தது, 1898இல் தொடங்கிய சி. அண்டு ஜே. ஹாம்ப்டன் கம்பெனியின் பிராண்ட். நம்பர் 3 என்பது அங்குலக் கணக்கு அல்ல, தாடையை அளந்தால் நாலு அங்குலம் இருக்கும். பெயரும் நம்பரும் வார்த்த எழுத்துதானே, மாடலைச் சொல்லும், வருடத்தைச் சொல்லாது. அந்த மாடலை அவர்கள் பல பத்தாண்டுகள் போட்டார்கள். நீல நிறத்தையும் சான்றாக எடுக்காதீர்கள், யார் வேண்டுமானாலும் நீலம் அடிக்கலாம். அப்பா எந்த வருடம் வாங்கினார், புதிதா பழசா என்று அம்மாவிடமோ பட்டறையில் இருந்த பழைய ஆட்களிடமோ கேளுங்கள். இந்த வைஸுக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கொண்டுவருவதைப் பற்றி: விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. அதில் பெரும்பங்கை இது ஒன்றே தின்றுவிடும். மசாலாப் பொடியா வைஸா என்று வீட்டில் ஓட்டெடுப்பு நடத்தினால் முடிவு தெரிந்ததுதான். அங்கே யாராவது அதில் வேலை செய்கிறார்கள் என்றால் இருக்கட்டும், விட்டுவிடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போகும் நிலை என்றால் எடையைப் பார்க்காமல் எடுத்து வாருங்கள்.

பைத்தியம் என்கிறார்களாமே. எத்தனை சேர்த்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அது தெரியாமல் நான் உங்கள் பக்கம் பேச முடியாது. பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்கி, தாடையின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்துக்கு வரும்படி வைத்து, வாரத்தில் ஒரு நாளாவது அரம் போடுகிற வைஸ் எல்லாம் கருவிக் கணக்கு. மிச்சத்துக்கு வீட்டில் நீங்களேதான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது வைஸின் பெயின்ட்டை எடுத்ததும் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.