குழந்தையில் செய்த இருதய அறுவைச் சிகிச்சை: 16 வயதிலும் பரிசோதனை வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 8 மாதத்தில் ‘டெட்ராலஜி ஆஃப் ஃபலோ’ என்று சொல்லி ஐ.ஜே.என்.னில் (தேசிய இருதயக் கழகம்) அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இப்போது படிவம் 4 படிக்கிறான். மூச்சு வாங்காமல் பூப்பந்து ஆடுகிறான். மூன்று ஆண்டுகளாகப் பரிசோதனைக்குப் போகவில்லை. இன்னும் போக வேண்டுமா? பத்துமலையில் அலகு குத்துவதாக நேர்ந்திருக்கிறோம், செய்யலாமா?
- வாசகி, செந்தூல்

பதில்: கட்டாயம் போக வேண்டும். மூச்சு வாங்கவில்லை என்பதை வைத்து இருதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. காரணம் அந்த அறுவைச் சிகிச்சையிலேயே இருக்கிறது.

இந்தக் குறையில் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கும். நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியும் குறுகியிருக்கும். ஓட்டையை ஒட்டுப் போட்டு அடைத்து, குறுகலை அகலப்படுத்துவார்கள். அந்த வழியிலுள்ள வால்வின் வளையமே சிறுத்திருந்தால் அதையும் வெட்டி ஒட்டு வைக்க வேண்டிவரும். குழந்தையின் உதட்டிலும் நகத்திலும் தெரியும் நீல நிறம் மறைந்துவிடும், ஆனால் அந்த வால்வு அதன்பின் சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தம் வலது கீழறைக்கே திரும்பும். அறை பல ஆண்டுகள் அதைத் தாங்கிக்கொண்டு மெல்ல விரியும். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. மூச்சு வாங்கத் தொடங்கும் நேரத்தில் தசை தளர்ந்திருக்கும். அப்போது புது வால்வு வைத்தாலும் அறை பழைய அளவுக்குச் சுருங்காமல் போகலாம்.

அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறோம். ஈ.சி.ஜி.யும் (இருதயத்தின் மின்துடிப்புப் பதிவு) எக்கோவும் (இருதய ஸ்கேன்) வழக்கமானவை. வலது அறையின் கொள்ளளவைத் துல்லியமாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 160 மில்லிலிட்டரை நெருங்கினால் வால்வு மாற்றும் பேச்சு வரும். பலருக்கு நெஞ்சைத் திறக்காமல் தொடை இரத்தக்குழாய் வழியாகவே வைக்க முடிகிறது. ஈ.சி.ஜி.யில் கியூ.ஆர்.எஸ். (கீழறைகளுக்கு மின்துடிப்பு பரவுவதைக் காட்டும் பகுதி) அகலம் 180 மில்லிசெகண்டைத் தொட்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வர வாய்ப்பு கூடுதல்.

போகும்போது பழைய அறுவைச் சிகிச்சை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வளையத்தை வெட்டினார்களா, ஒட்டின் ஓரத்தில் கசிவு மிச்சமிருக்கிறதா, 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருக்கிறதா என்று பரிசோதனை செய்தார்களா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது செய்யப்படவில்லை என்றால் கேளுங்கள்; கால்சியம் குறைவும் படிப்பில் கவனச் சிதறலும் அந்தக் குரோமோசோம் குறையால் வரலாம். 18 வயதில் குழந்தைகள் பிரிவிலிருந்து விடுவிப்பார்கள். அதோடு விட்டுவிடுகிறவர்கள் பலர். பிறவி இருதயக் குறை உள்ள பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கடிதம் வாங்குங்கள்.

அலகு வேண்டாம் என்பதே என் கருத்து. கன்னத்திலும் நாக்கிலும் குத்தும்போது வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து ஒட்டிலோ வால்விலோ தங்கிவிடலாம். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டு குத்தலாமா என்று கேட்பார்கள். அப்படிச் செய்யப் பரிந்துரை இல்லை. பால்குடம் எடுக்கட்டும். எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் சரியாக இருந்தால் 272 படி ஏறுவதில் தடையில்லை, தண்ணீர் மட்டும் போதுமான அளவு குடிக்க வேண்டும்.

பல்லை ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் தேவையில்லை. செயற்கை வால்வு வைத்தவர்கள், ஒட்டின் ஓரத்தில் கசிவு மிச்சமிருப்பவர்கள், முன்பு இருதயத்தின் உட்புறத்தில் கிருமித் தொற்று வந்தவர்கள் போன்றோருக்குத்தான். டிங்கி இல்லை என்று தெரிந்தபிறகும் காய்ச்சல் விடவில்லையா? கிளினிக்கில் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போனபின் எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம், இருதயத்தில் தொற்று இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் தாமதமாகலாம்.

பூப்பந்து ஆடலாம். விளையாடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு திடீரென்று படபடவென்று அடித்துத் தலை சுற்றினாலோ, வெயில்தான் காரணம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவில் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.