கோல்ட்டா, கிளாக்கா? – வாசகர் கேள்வி பதில்

கே: அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் ‘எந்த பிஸ்டல் பிடிக்கும்?’ என்று கேட்டால் பாதிப் பேர் கோல்ட் நிறுவனத்தின் 1911 என்கிறார்கள், மீதிப் பேர் கிளாக் என்கிறார்கள். இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? (சேலம் வாசகர்)

ப: உள்ளே நடக்கும் வேலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தோட்டா வெடித்ததும் குழலும் மேலே உள்ள ஸ்லைடும் பூட்டிய நிலையிலேயே சில மில்லிமீட்டர் பின்னால் போகும். அதற்குள் குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கிவிடும். பிறகு குழலின் பின்பக்கம் கீழே சாய்ந்து பூட்டு விலகும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் போய்க் காலித் தோட்டாவை வெளியே எறிந்து, திரும்பும்போது மேகசினிலிருந்து (பிடிக்குள் இருக்கும் தோட்டாக் கூடு) அடுத்ததைத் தள்ளிக்கொண்டு வரும். இந்தச் சாயும் குழல் 1911-ஐ வடிவமைத்த ஜான் மோசஸ் பிரவுனிங்கின் மூளையில் பிறந்தது. கிளாக்கும் அவருக்குக் கடன்பட்டதுதான்.

வித்தியாசம் விசையில். 1911-ல் சுத்தியலை முன்கூட்டியே பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும். அதன்பின் விசைக்கு ஒரே வேலை, சுத்தியலை விடுவிப்பது. அதனால் இழுப்பு குட்டையாக, நேராக, கண்ணாடிக் குச்சி முறிவதுபோல இருக்கும். குறிபார்த்துச் சுடுபவர்கள் இதில்தான் மயங்குகிறார்கள். கிளாக்கில் வெளியே சுத்தியலே கிடையாது. உள்ளே, தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி பாதி இழுபட்ட நிலையில் இருக்கும். மீதியை நம் விரல் இழுக்க வேண்டும், சுமார் இரண்டரை கிலோ அழுத்தம். சுகமான இழுப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் குண்டுக்கும் பதினேழாவது குண்டுக்கும் ஒரே இழுப்பு, கட்டைவிரலால் திறக்கப் பூட்டு எதுவும் இல்லை.

1911-ஐ அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றது. 6,000 தோட்டாச் சோதனையில் போட்டியிட்ட சாவேஜ் 37 முறை தடுமாற, கோல்ட் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. 1985-ல் இத்தாலியின் பெரெட்டா 92 வந்து இடத்தைப் பிடிக்கும் வரை ராணுவத்தின் முதன்மைப் பிஸ்டல் அதுதான். கிளாக் 17-ஐ ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் தேர்ந்தெடுத்தது. செய்தவர் கஸ்டோன் கிளாக், அதற்குமுன் துப்பாக்கியே செய்யாதவர். பாகங்கள் மொத்தம் 34. 1911-ன் எடை 1.1 கிலோ, ஏழு தோட்டா. கிளாக் மேகசின் இல்லாமல் 625 கிராம், பதினேழு தோட்டா. தினமும் இடுப்பில் சுமப்பவருக்கு இந்தக் கணக்கு போதும். வாரம் ஒருநாள் சுடுகளத்துக்குப் போகிறவர் 1911-ஐ விடமாட்டார். இரண்டு கட்சியும் சொல்வது சரிதான், கேள்விதான் வேறு.

கே: கிளாக் பிளாஸ்டிக் என்பதால் விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாதாமே? (கரூர் வாசகி)

ப: தெரியும். பிடியும் சட்டகமும்தான் பாலிமர். குழல், ஸ்லைடு, ஸ்பிரிங் எல்லாம் எஃகு. 1990-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் வசனம் இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. 1988-லேயே அமெரிக்கச் சட்டம் ஒரு துப்பாக்கியில் குறைந்தது 3.7 அவுன்ஸ், அதாவது 105 கிராம் எஃகு அளவுக்காவது உலோகக் கருவியில் தெரிய வேண்டும் என்று வைத்துவிட்டது.

கே: பெயரே ‘ஆட்டோமேட்டிக்’ என்றிருக்கிறது. விசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் தொடர்ந்து சுடுமா? (மன்னார்குடி வாசகர்)

ப: சுடாது. ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. 1911 சுடும் தோட்டாவின் பெயர் .45 ஏ.சி.பி. (.45 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம்). அதில் உள்ள முதல் எழுத்தே ‘ஆட்டோமேட்டிக்’ என்பதுதான். அந்தக் காலத்தில் தானே தோட்டா ஏற்றிக்கொண்டாலே தானியங்கி என்றார்கள். குழப்பம் அன்றே தொடங்கியது.

கே: .45 பெரிய குண்டு, ஒரே அடியில் ஆளைச் சாய்க்கும், 9 மி.மீ. கொசுக்கடி என்கிறார்களே? (கோவை வாசகர்)

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். .45-ன் வழக்கமான குண்டு 230 கிரெய்ன், சுமார் 15 கிராம். வேகம் நொடிக்கு 255 மீட்டர். கிளாக் 17 சுடும் 9 மி.மீ.-ன் 115 கிரெய்ன் குண்டு ஏழரை கிராம். வேகம் 360 மீட்டர் அளவில். ஆற்றல் இரண்டிலும் 480 ஜூல் பக்கம்தான் வருகிறது. ஒன்று கனமாகவும் மெதுவாகவும் போகிறது, மற்றது இலேசாகவும் வேகமாகவும் போகிறது, அவ்வளவே.

1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் இறந்தார்கள். அவர்கள் சுட்ட ஒரு 9 மி.மீ. குண்டு எதிரியின் கையைத் துளைத்து, இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. பழி முழுவதும் 9 மி.மீ.-ன் தலையில் விழுந்தது. அதற்காக 10 மி.மீ.-க்கு மாறினார்கள், அதன் உதைப்பு பலருக்குத் தாங்கவில்லை, அதைக் குறைத்து 1990-ல் .40 வந்தது. கடைசியில் உடலில் பட்டதும் விரியும் குண்டுகள் மேம்பட்டபின் மறுபடி 9 மி.மீ.-க்கே திரும்பி, 2016-ல் கிளாக்கோடு ஒப்பந்தம் போட்டார்கள். உதைப்பு குறைந்தால் குறி தவறுவதும் குறையும், மேகசினில் இரண்டு தோட்டா கூடுதலாகவும் அடங்கும். முப்பது வருடம் சுற்றி வந்து வீட்டு வாசலிலேயே நின்ற கதை.

கே: டெக்சாஸில் இருக்கும் என் தம்பி புதிதாக 9 மி.மீ. பிஸ்டல் வாங்கினான். 200 தோட்டாவுக்குப் பதினைந்து முறை சிக்குகிறது. பிஸ்டலை மாற்றலாமா? (திருச்சி வாசகி)

ப: மாற்றுவதற்கு முன் எப்படிச் சிக்குகிறது என்று தம்பியைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

காலித் தோட்டா வெளியேறும் வாசலில் புகைபோக்கிபோல நட்டுக்கொண்டு நின்றால் முதல் சந்தேகம் மணிக்கட்டின் மேல். ஸ்லைடு முழுதாகப் பின்னால் போக, சட்டகம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் பிஸ்டல் முழுவதும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போய்விடும், ஸ்லைடின் பயணம் குறைந்துவிடும். இலேசான பாலிமர் பிஸ்டலில் இது அதிகம். அதே பிஸ்டலை அனுபவசாலி ஒருவர் 50 தோட்டா சுட்டுப் பார்க்கட்டும். அவருக்குச் சிக்கவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவது, மேகசின். எல்லா மேகசினுக்கும் அடியில் பெயின்ட்டால் எண் போடச் சொல்லுங்கள். தகராறு எல்லாம் இரண்டாம் எண்ணில்தான் என்று தெரிந்தால் அதில் தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் உதடு வளைந்திருக்கும் அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். சுடுகளத்தில் கண்ட பழுதில் பெரும்பங்கு இதுதான், ஆனால் எல்லோரும் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது, தோட்டா. புதுப் பிஸ்டலின் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். விலை மலிவான, மருந்து குறைவான 115 கிரெய்ன் தோட்டா அதைத் தள்ளத் திணறும். 124 கிரெய்ன் போட்டுப் பார்க்கலாம். ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் ஒவ்வொரு துளி எண்ணெய், குழலின் வெளிப்புறம் தேய்ந்து பளபளக்கும் இடத்தில் ஒரு துளி. ஊசி இருக்கும் துளையில் எண்ணெய் விடக் கூடாது. கரியோடு சேர்ந்து பசையாகி ஊசியைத் தடுக்கும்.

இரண்டு தோட்டா ஒன்றாக முட்டி நின்றால் ஸ்லைடைப் பின்னால் பூட்டி, மேகசினைப் பிடுங்கி, மூன்று முறை இழுத்துவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். எல்லா நேரமும் குழல் இலக்குப் பக்கம், விரல் விசைக்கு வெளியே.

ஒரே ஒரு சமயத்தில் இழுத்துவிட்டு அடுத்ததைச் சுடக் கூடாது. ‘டப்’ என்பதற்குப் பதில் ‘புஸ்’ என்று சத்தம் வந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டா குழலைப் பிளந்துவிடும். இறக்கி, கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கே: நம் ராணுவத்தில் இருக்கும் பிஸ்டல் எது? இங்கே நாம் கிளாக் வாங்க முடியுமா? (வேலூர் வாசகர்)

ப: நீண்டகாலமாகப் புழங்குவது ‘பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ’. இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாராவது. பிரவுனிங் ஹை பவரின் பிரதி, அதுவும் கனடாவின் இங்கிலிஸ் நிறுவனம் செய்த வடிவத்தின் வழி வந்தது. பிரவுனிங் 1926-ல் இறந்துவிட, பெல்ஜியத்தின் சாவ் என்பவர் முடித்து 1935-ல் வெளிவந்தது. 13 தோட்டா அன்று பெரிய விஷயம்.

இரண்டாவது கேள்விக்கு: 9 மி.மீ. இங்கே பொதுமக்களுக்குத் தடை செய்த அளவு. உரிமம் பெற்றவர் .32 போன்ற தடையில்லாத அளவுக்குத்தான் போக முடியும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி வரை. .32 பிஸ்டல் தோட்டாவும் .32 ரிவால்வர் தோட்டாவும் வேறு வேறு. பெயரைப் பார்த்து வாங்காமல் பெட்டியில் உள்ள முழுப் பெயரைப் படித்து வாங்குங்கள்.

கே: சுத்தம் செய்யும்போது வெடித்தது என்று செய்தி படிக்கிறேன். காலியான துப்பாக்கி எப்படி வெடிக்கும்? (நாகர்கோவில் வாசகி)

ப: காலியில்லை, அதுதான் காரணம். முதலில் மேகசினை எடுக்க வேண்டும், பிறகு ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசை மாறினால், ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை வெளியேற்றியதும் அது திரும்பும்போது மேகசினிலிருந்து இன்னொன்றை ஏற்றிவிடும். பிறகு மேகசினை எடுத்துவிட்டுக் காலி என்று நம்பி உட்காருவார்கள். கிளாக்கைப் பிரிப்பதற்கு முன் விசையை இழுத்தாக வேண்டும் என்பதால் அங்கே இந்தத் தவறு உடனே வெளிப்படும். ஸ்லைடைப் பின்னால் பூட்டிக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை உள்ளே விட்டும் பாருங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

கே: நியூஜெர்சியில் இருக்கும் நண்பர் பழைய 1911 ஒன்று வாங்கப் போகிறார். எதைப் பார்க்க வேண்டும்? (தஞ்சை வாசகர்)

ப: காலி என்று உறுதி செய்துகொண்டு சுத்தியலைப் பின்னால் நிறுத்தி, கட்டைவிரல் பூட்டைப் போட்டு, விசையை அழுத்திவிட்டு விடட்டும். பிறகு பூட்டைத் திறக்கட்டும். அப்போது சுத்தியல் விழுந்தால் உள்ளே கொக்கி தேய்ந்துவிட்டது, வாங்க வேண்டாம். அடுத்து, பிடியின் பின்பக்கப் பூட்டை அழுத்தாமல் விசையை இழுத்தால் சுத்தியல் அசையவே கூடாது. காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கியின் நுனியையும் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டாவைக் கையால் குழலுக்குள் போட்டு ஸ்லைடை மூடும் பழக்கம் உள்ளவரின் பிஸ்டலில் அந்த நுனி சிதைந்திருக்கும். ஸ்பிரிங்கைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடலாம். ஐந்து அங்குலக் குழலுக்கு 16 பவுண்டு, இரண்டாயிரம் மூவாயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை புதிது. கழற்றும்போது ஸ்பிரிங்கின் முன்மூடி மேல் கட்டைவிரல் இருக்கட்டும், இல்லாவிட்டால் அது எகிறிக் கூரையில் அடிக்கும்.

இடப்பக்கம், ஸ்லைடு நிறுத்தும் நெம்புகோலின் கீழே வில்போல ஒரு கீறல் இருந்தால், முன்பு வைத்திருந்தவர் அதை மாட்டத் தெரியாமல் உரசியிருக்கிறார் என்று பொருள். அமெரிக்காவில் அதற்கு ‘மடையன் கோடு’ என்றே பெயர். சுடுவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை, விலையைக் குறைத்துக் கேட்க நல்ல சாக்கு.