சென்னையில் ‘பக்கத்து வீட்டு’ கொலைக்கதை எடுபடுமா?

சின்ன ஊர், ஒரு கொலை, துப்பறியும் பாட்டி. இந்த வகைக் கதையைச் சென்னையில் வைத்து எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக. இதற்கு ஊர் சின்னதாக இருக்க வேண்டியதில்லை. ஒருவரை ஒருவர் தெரிந்த நாலு தெரு போதும். மயிலாப்பூர் மாட வீதிகள் இருக்கவே இருக்கின்றன. ரத்தம் திரைக்குப் பின்னால், வம்பு முன்னால்.

பாட்டிக்குப் பதில் நான் இஸ்திரி வண்டிக்காரரைத்தான் போடுவேன். வாராவாரம் எட்டு சட்டை வரும் வீட்டிலிருந்து ஏழு வந்தால் அவருக்குத்தானே முதலில் தெரியும்? பிய்ந்த பித்தான், காலரில் மஞ்சள் கறை, பையில் மறந்துபோன பஸ் டிக்கெட். தேய்க்கிற கைக்கு எதுவும் தப்பாது.

போலீஸை மட்டும் முட்டாளாக்காதீர்கள் (படித்துப் படித்து அலுத்துவிட்டது). சந்தேக மரணம் என்றால் பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில், 2024 ஜூலைக்கு முன் நடந்த கதை என்றால் பழைய சட்டமான சிஆர்பிசியின் 174-ஆவது பிரிவில், வழக்குப் பதிந்து பிரேதப் பரிசோதனை அறிக்கைக்குக் காத்திருப்பார்கள். அந்த இடைவெளிதான் உங்கள் ஆளுக்கு.

மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே கொலை வேண்டாம். ஊரே சந்தேகப் பட்டியலில் வந்துவிடும். மறுநாள் நீர்மோர்ப் பந்தலைப் பிரிக்கும்போது பிணம் கிடைக்கட்டும்.