கண்ணை மூடினால் கவலைதான் வருகிறது

கேள்வி: வேலைக்குப் போகிறேன். இரண்டு பிள்ளைகள். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். முன்பெல்லாம் காலையில் அரைமணி நேரம் முழங்காலில் நிற்பேன். இப்போது கண்ணை மூடினாலே மருந்து, பள்ளிக் கட்டணம், அலுவலகம் என்று மனம் ஓடுகிறது. பாதியிலேயே எழுந்துவிடுகிறேன். நாள் முழுக்கக் குற்ற உணர்வு. என் விசுவாசம் குறைந்துவிட்டதா அக்கா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

விசுவாசம் குறைந்திருந்தால் ஜெபிக்க முடியவில்லையே என்று இவ்வளவு வலித்திருக்காது.

வேதாகமத்தில் நெகேமியா 2-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். நெகேமியா பாரசீகத்தின் அர்தசஷ்டா ராஜாவுடைய பானபாத்திரக்காரர். திராட்சரசம் பரிமாறும் வேளை. எருசலேமின் அலங்கம், அதாவது நகரத்து மதில், இடிந்து கிடக்கிற துக்கம் முகத்தில் தெரிந்துவிட, காரணம் கேட்கிறார் ராஜா. அப்போது மிகவும் பயந்துபோனதாக நெகேமியாவே எழுதுகிறார். "நீ கேட்கிற காரியம் என்ன?" என்கிறார் ராஜா. அந்தக் கேள்விக்கும் நெகேமியாவின் பதிலுக்கும் நடுவில்தான் அவர் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார். வேலையில் நின்றபடி, பயத்தோடு, ராஜாவின் கண்முன்னே. ஒரு மூச்சு நேரம் கிடைத்திருக்குமா? அதையும் வேதம் ஜெபம் என்றே சொல்கிறது. அம்மாவுக்கு மருந்து ஊற்றும்போது "ஆண்டவரே, என்னால் முடியவில்லை" என்கிறீர்களே, அதுவும் அப்படித்தான்.

முதல் அதிகாரத்தையும் விட்டுவிடாதீர்கள். அவர் அழுது, உபவாசித்து, மன்றாடத் தொடங்கியது யூத நாட்காட்டியின் கிஸ்லேயு மாதத்தில். ராஜா கேட்டது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய 4 மாதம். தனியாக மன்றாடிப் பழகிய மனதுக்குத்தான் அவசரத்தில் அந்த ஒரு வரி வந்தது. அதனால் தனி ஜெபத்தை அடியோடு விட வேண்டாம். அரைமணி முடியாதென்றால் பத்து நிமிஷம் போதும்.

அந்தப் பத்து நிமிஷத்தில் மருந்தும் கட்டணமும் நினைவுக்கு வந்தால் விரட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அவரிடம் கொடுங்கள். "எல்லாவற்றையுங்குறித்து" விண்ணப்பம் பண்ணச் சொன்ன பவுல், பிலிப்பியருக்கு அந்தக் கடிதத்தைக் கட்டுண்ட நிலையில்தான் எழுதினார். கவலை இல்லாத இடத்திலிருந்து வந்த புத்திமதி இல்லை அது. ஜெபித்ததும் பாரம் இறங்கிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சில நாள் இறங்காது. ஆனால் தனியாகச் சுமக்கவில்லை என்பது மட்டும் தெரியும். எனக்கு அது பெரிய காரியம்.

வார்த்தையே வராத நாளில் 13-ம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். 6 வசனம்தான். "எதுவரைக்கும்" என்று தேவனிடமே முறையிடுகிறார் தாவீது. அதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை.

தூக்கம் பல வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். அதனால் விசுவாசத்துக்கு எந்தக் குறையும் வராது.

அம்மா எப்படி இருக்கிறார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதுவரை உங்கள் இருவரையும் என் காலை ஜெபத்தில் வைத்திருப்பேன்.